உங்களுக்குத் தெரியுமா? பழி கிராஃபிக்ஸ் கார்டின் மேல், பிழை சில்லுக்குள்!

மலேசியாவின் பினாங்கில்தான் 1972இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைத் திறந்தது. அதே நிறுவனத்தின் சில்லுகள் 2024இல் உலகெங்கும் வீட்டுக் கணினிக்காரர்களைத் திணறடித்தன.

விளையாட்டைத் திறந்தால் பாதியில் மூடிக்கொள்ளும். திரையில், ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்ற செய்தி! பலர் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். கோளாறோ 13, 14ஆம் தலைமுறை கோர் மேசைக்கணினிச் சில்லுகள் பலவற்றில் இருந்தது. அவற்றின் உள்நிரல் தேவைக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்க, சில்லு மெல்ல மெல்லச் சிதைந்தது.

ஆகஸ்ட் 2024இல், கணினியின் தொடக்க நிரலான பயாஸ் வழியே திருத்தம் வந்தது. ஏற்கெனவே சிதைந்த சில்லை அது மீட்காது என்பதுதான் வேதனை. உத்தரவாதத்தை இன்டெல் மேலும் 2 ஆண்டுகள் நீட்டித்தது.

இத்தகைய சில்லு உள்ளவர்கள் முதலில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். வேறு சில்லு இருந்தும் நிரல்கள் முடங்கினால், விண்டோஸ் தேடலில் ‘ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என ஆங்கிலத்தில் தட்டினால், எந்த நிரல் எந்த நாளில் முடங்கியது என்று வரைபடமாகவே தெரியும். ஒரே நிரல் திரும்பத் திரும்ப முடங்கினால் அதை நீக்கி மறுபடி நிறுவிப் பார்க்கலாம். வெவ்வேறு நிரல்கள் முடங்கினால் ரேம், சூடு, பவர் சப்ளை மூன்றையும் சோதிக்க வேண்டும். ரேமைச் சோதிக்கும் கருவி விண்டோஸிலேயே இலவசமாக இருக்கிறது.