ஓர் அணுவை மாற்றி மருந்தாக்கிய கதை

மண்ணில் வாழும் பாக்டீரியா தன் தேவைக்காகச் சுரக்கும் வேதிப்பொருள் மார்பகப் புற்றுநோய்க்கு எப்படி மருந்தாகும்? சோராஞ்சியம் செல்லுலோசம் என்ற பாக்டீரியாவிலிருந்து 1980களில் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஹோஃப்லே, ரைஷன்பாக் குழுவினர் பிரித்தெடுத்த எப்போதிலோன், முதலில் பூஞ்சைக்கொல்லியாகத்தான் பார்க்கப்பட்டது. அதன் மறுமுகம் 1995இல்தான் தெரிந்தது. செல் பிளவுபடும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுப்பவை நுண்குழல்கள். அவை நீண்டும் சுருங்கியும் இயங்கியாக வேண்டும். எப்போதிலோன் அவற்றைக் கலையவிடாமல் இறுக்கிவிடுவதால் பிளவு பாதியில் நின்று செல் மடிகிறது. ஏற்கெனவே உள்ள புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்சலும் இதைத்தானே செய்கிறது, இன்னொன்று எதற்கு என்று கேட்கலாம். பாக்லிடாக்சலை வெளியே இறைத்துத் தள்ளும் புரத பம்புகளைப் புற்றுச்செல்கள் பெருக்கிக்கொள்வதுண்டு; எப்போதிலோன்கள் அவற்றிடம் அவ்வளவு எளிதில் சிக்குவதில்லை.

சரி, இயற்கை தந்ததை அப்படியே கொடுத்தால் என்ன? எப்போதிலோன்களில் ஒன்றான எப்போதிலோன் பி மூலக்கூறின் வளையத்திலுள்ள எஸ்டர் பிணைப்பை உடலின் எஸ்டரேஸ் நொதிகள் வெட்டிவிடும். எனவே ஆய்வாளர்கள் அந்த இடத்து ஆக்சிஜனை எடுத்துவிட்டு நைட்ரஜனை வைத்தார்கள். எஸ்டர் அமைடானது, நொதியால் எளிதில் வெட்ட முடியவில்லை. இப்படிப் பிறந்த இக்சபெபிலோனுக்கு, மற்ற மருந்துகள் கைவிட்ட, பரவிய மார்பகப் புற்றுநோய்க்காக அமெரிக்கா 2007இல் அனுமதி அளித்தது. ஆனால் நரம்புகளிலும் நுண்குழல்கள் உண்டு. அவற்றையும் பாதிப்பதால், கை கால் மரத்துப்போவது இம்மருந்தின் முக்கியப் பக்கவிளைவு. இயற்கையிலிருந்து வந்தது என்பதாலேயே எதுவும் சாதுவாகிவிடாது. பலனைவிட நரம்புப் பாதிப்பே பெரிது என்று ஐரோப்பிய மருந்து முகமை கருதியது. 2009இல் மருந்தைத் தயாரித்த நிறுவனம் அங்கே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.