திரௌபதியின் கேள்வி

மாமல்லபுரத்துக்கு உல்லாசப் பயணம் போகிறவர்கள் திரௌபதி ரதத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. குடிசை போன்ற அந்தச் சின்னஞ்சிறு கற்கோயிலுக்குள் இருப்பவள் துர்க்கை. திரௌபதி என்பது ஜனங்கள் பிற்காலத்தில் இட்ட பெயர்! பாண்டவர் பத்தினியிடம் இந்தப் பக்கத்து மக்களுக்கு அத்தனை பாசம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரங்களில் கோடை பிறந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா. விடிய விடியக் கட்டைக்கூத்து.

கலைஞர்கள் அணியும் மரக் கிரீடமும் புஜ அணிகளுந்தான் ‘கட்டை’. துகிலுரிதல் ஆட்டத்தன்று கூட்டம் நெரியும். தன்னையே தோற்றுவிட்டவருக்கு மனைவியைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று சபையைக் கேட்கிறாள் திரௌபதி. பெரியவர்கள் தலை குனிகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை: பெண் குலத்துக்காக இந்த நியாயத்தைப் பரம்பரையாகக் கேட்டு வந்தவர்கள், புடவை கட்டிய ஆண்கள்! பெண் ராத்திரியில் மேடை ஏறினால் ஊர் என்ன சொல்லும் என்ற பயந்தான் காரணம்.

இந்த வழக்கத்தை மாற்றத் துணிந்தவர்களில் முக்கியமானவர் கூத்துக் கலைஞர் பி. ராஜகோபால். பத்து வயதிலேயே பள்ளியை விட்டுக் கூத்துக்கு வந்தவர். இரவெல்லாம் ஆடிவிட்டுப் பகலில் தூங்கும் பையனுக்குப் படிப்பு ஏது? அந்தக் குறை மற்றக் குழந்தைகளுக்கு நேரக் கூடாதென்று நினைத்தார். அவரும், அவர் மனைவியும் கூத்து ஆராய்ச்சியாளருமான ஹாலந்து தேசத்துப் பெண்மணி ஹன்னே டி புருயினும் முன்னின்று நடத்திய கட்டைக்கூத்துச் சங்கம் 1990-இல் தோன்றியது. 2002-இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் பிறந்தது. ஏழைக் கிராமக் குழந்தைகளுக்குப் பள்ளிப் படிப்பும் கூத்தும் அங்கே ஒன்றாகக் கிடைத்தன.

பெண் குழந்தைகளும் சரிசமமாகச் சேர்க்கப்பட்டதுதான் விசேஷம். திரௌபதி வேஷத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பளுவான கிரீடம் தரித்து, கால் சலங்கை அதிர, ராஜ வேஷமும் கட்டினார்கள். பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்குச் சபை நடுவே குரலெடுக்க வரும் என்பதைத் தாய்மார்கள் கண்ணால் கண்டார்கள். ஆயிரம் பிரசங்கம் செய்தாலும் இந்த நம்பிக்கை வருமா?

குருகுலம் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் கற்றுக்கொண்ட வித்தையை யாரால் மூட முடியும்? அங்கே பயின்ற பெண்கள் மேடை ஏறத்தான் செய்கிறார்கள்.

அடுத்த கோடையில் பாரதக் கூத்து என்று கேள்விப்பட்டால், வீட்டுப் பெண் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். விடியும் வரை விழித்திருக்க வேண்டும். மத்தியானமே ஒரு தூக்கம் போட்டுவிடுவது நல்லது!