ஓசைக்குப் பழகாத மூளை

மின்விசிறி கடகடக்கும் அறையில் சற்று நேரம் உட்கார்ந்தால் அந்தச் சத்தம் நமக்கு மறந்தே போகும். காது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மூளைதான் அதை ஒதுக்கிவிடுகிறது. ஃப்ராஜைல் எக்ஸ் என்ற மரபணுக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு இது அவ்வளவு எளிதில் வாய்ப்பதில்லை. எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஃப்எம்ஆர்1 மரபணுவில் 'சிஜிஜி' என்ற மூன்றெழுத்து 200 தடவைக்கு மேல் அடுக்கிக்கொண்டு வந்தால் அந்த மரபணு முடங்கிவிடும். மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஒரு புரதம் கிடைக்காது. இக்காரணம் தெரியவந்தது 1991-ல். இந்தக் குழந்தைகளில், குறிப்பாகப் பையன்களில், பலருக்கு ஏடிஹெச்டி என்ற கவனக்குறைபாடும் சேர்ந்தே இருக்கும்.

சத்தம் தொந்தரவு செய்கிறதா என்று கேட்டால் சொல்லத் தெரியாத பிள்ளையிடம் அதை எப்படி அளப்பது? இஇஜி கைகொடுக்கிறது. ஜெர்மனியின் யெனா நகரில் 1924-ல் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்த அதே முறைதான். இப்போது பல ஆய்வகங்களில் வலைபோன்ற தொப்பி இருக்கிறது. அதன் ஒவ்வொரு மின்முனையிலும் சிறு பஞ்சு. உப்புக் கரைசலில் துளி பேபி ஷாம்பூ கலந்து, அதில் நனைத்து மாட்டுவார்கள். தலையின் எண்ணெய்ப் பசையை ஷாம்பூ எடுத்துவிடும். ஈரத்தொப்பியைத் தொடவே விடாத பிள்ளைகளும் உண்டு. அவர்களைப் பொறுமையாகப் பழக்கத் தெரிந்தவர்தான் என் கணக்கில் நல்ல ஆய்வாளர்.

பிள்ளை ஒலியில்லாத கார்ட்டூன் பார்க்க, காதில் 'பீப்' ஒலிக்கும். அதற்கு மூளை தரும் பதில் சில மைக்ரோவோல்ட்தான்; ஒரு கண்சிமிட்டலே அதைவிடப் பல மடங்கு பெரிது. அதனால் நூற்றுக்கணக்கான தடவை ஒலிக்கவிட்டுச் சராசரி எடுக்கிறார்கள். சம்பந்தமில்லாத அலைகள் கரைந்துபோய் பதில் மட்டும் மிஞ்சும். ஒலித்துச் சுமார் 100 மில்லிநொடியில் எழும் 'என்1' அலை, அதே ஒலி திரும்பத் திரும்ப வரும்போது பொதுவாகச் சிறுத்துக்கொண்டே போகும். ஃப்ராஜைல் எக்ஸ் குழந்தைகளிடம் அது பெரிதாக எழுகிறது, சிறுக்கவும் மறுக்கிறது. ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2003-ல் இதைக் காட்டினார்கள். இந்த மரபணுவை நீக்கிய எலிகளிடமும் இதுபோன்ற மாற்றம் தெரிகிறது. ஆகவே ஒரு மருந்து பலிக்கிறதா என்று எலியிடமும் குழந்தையிடமும் ஒரே அளவுகோலால் பார்க்கலாம்.

ஏடிஹெச்டி மட்டும் உள்ளவர்களின் கதை வேறு. கூட்டமாகப் பார்த்தால் கவனத்தோடு தொடர்புடைய 'பி300' என்ற மூளையலை அவர்களிடம் சிறியது. தனி ஒரு குழந்தையை அதை வைத்து அடையாளம் காண முடியாது. இஇஜியில் தெரியும் தீட்டா, பீட்டா என்ற அலைகளின் விகிதத்தைப் பார்க்கும் கருவிக்கு அமெரிக்கா 2013-ல் ஏடிஹெச்டிக்கான துணைச்சோதனையாக அனுமதி தந்தது. ஆனால் அந்த விகிதம் நம்பத்தக்கதல்ல என்றே பல ஆய்வுகள் சொல்கின்றன. பெற்றோர்களே, மூளைப்படம் எடுத்தே ஏடிஹெச்டியைச் சொல்லிவிடுவோம் என்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். குழந்தை மருத்துவரைப் பாருங்கள். பேச்சும் வளர்ச்சியும் தாமதப்பட்டால் ஃப்ராஜைல் எக்ஸுக்கான ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.