பத்தாயிரம் ரூபாய் எங்கே போனது?

பெரம்பலூர் மாவட்டம் பூலாம்பாடி வட்டாரத்தில் மக்காச்சோளமும் பருத்தியும்தான் பெரும்பாலான வீடுகளின் வருமானம். அங்கே ஒரு விவசாயி 5 குவிண்டால் மக்காச்சோளத்தைக் குவிண்டால் 2,469 ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி அவருக்கு 12,345 ரூபாய் வர வேண்டும். ரசீது போடுவது கோபோல் மொழியில் எழுதிய பழைய நிரல், அதாவது புரோகிராம். எழுதியவர் தொகைக்கு நான்கு இலக்க இடம் போதும் என்று நினைத்திருக்கிறார். ரசீதில் விழுவது 2,345. முன்னால் நின்ற 1 இடமில்லாமல் உதிர்ந்துவிட்டது. திரையில் எச்சரிக்கை இல்லை, பீப் சத்தம் இல்லை. கணினி அடுத்த ஆளின் மூட்டைக்குப் போய்விட்டது.

இதற்குப் பெயர் இயக்கநேரப் பிழை. எழுத்துப்பிழை, விட்டுப்போன புள்ளி போன்றவற்றை நிரலை மொழிமாற்றும்போதே கம்பைலர் காட்டிக்கொடுத்துவிடும். இது அப்படியல்ல. நிரல் இலக்கணப்படி சரியாகவே இருக்கும், பல ஆண்டுகள் ஒழுங்காகவும் ஓடும். ஐந்து இலக்கத் தொகை வரும் நாளில்தான் பிழை வெளியே வரும்.

ஜாவா, பைத்தான் போன்ற மொழிகளில் கோளாறு நேர்ந்தால், பெரும்பாலும், கவனிக்க ஆள் கிடைக்கும்வரை அது ஒரு நிரல்பகுதியிலிருந்து அதை அழைத்த நிரல்பகுதிக்கு என்று மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும். யாரும் கவனிக்காவிட்டால் நிரல் நின்றுவிடும். கோபோல், சி போன்ற பழைய மொழிகளில் நிரலர்தான் ஒவ்வொரு அடியிலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கோபோலில் கோப்பைத் திறக்கும்போதும் படிக்கும்போதும் இரண்டு இலக்கக் குறி ஒன்று கிடைக்கும். 00 என்றால் வேலை முடிந்தது. 10 என்றால் கோப்பில் படிக்க இனி எதுவும் இல்லை. 35 என்றால் அப்படியொரு கோப்பே இல்லை. சி மொழியில் கோப்பு திறக்கவில்லை என்றால் வெற்று மதிப்பு ஒன்று திரும்பி வரும். அதைப் பார்க்காமல் அடுத்த வரியை எழுதினால் மொழி தடுக்காது. பெருக்கிய தொகை ஒதுக்கிய இடத்தில் அடங்காமல் வழிந்தால் என்ன செய்வது என்று சொல்ல கோபோலில் ‘ஆன் சைஸ் எர்ரர்’ என்ற தொடர் உண்டு. ஆனால் அதை எழுதினால்தான் உண்டு.

இப்படிப்பட்ட ஒரு வழிதல் இந்தியாவின் ராக்கெட் ஒன்றைக் கடலில் தள்ளியிருக்கிறது. 1993 செப்டம்பர் 20 அன்று பி.எஸ்.எல்.வி. தன் முதல் பயணமாக, ஐ.ஆர்.எஸ்.-1இ செயற்கைக்கோளைச் சுமந்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. முதல் கட்டம் சரியாக எரிந்தது. விகாஸ் எஞ்சின் பொருத்திய இரண்டாம் கட்டமும் எரிந்து முடித்தது. அந்தக் கட்டம் கழன்று பிரியும் நேரத்தில், யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு ராக்கெட் குலுங்கியது. நிமிர்த்திப் பிடிக்கக் கட்டுப்பாட்டுக் கணினி வழக்கத்தைவிடப் பெரிய கட்டளை தர வேண்டியிருந்தது. ராக்கெட்டின் மூக்கை மேலும் கீழும் திருப்பும் நிரல்பகுதியில் ஒரு பிழை இருந்தது. கட்டளையின் மதிப்பு நிர்ணயித்த உச்சவரம்பைத் தாண்டினால் மட்டுமே அது வெளிப்படும். அன்று தாண்டியது. செயற்கைக்கோளோடு ராக்கெட் வங்கக்கடலில் விழுந்தது.

வரம்பைத் தாண்டும் எண் கணினிக்குள் என்ன ஆகும் என்பதற்கு எளிய உதாரணம் ஒன்று. 16 பிட் இடத்தில் குறியோடு அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. அதோடு 1 கூட்டினால் பல கணினிகளில் விடை கழித்தல் 32,768 ஆகிவிடும். வலப்பக்கம் திரும்பு என்று சொல்ல வந்த கணக்கு, முழு வேகத்தில் இடப்பக்கம் திரும்பு என்று சொன்னதாகிவிடும்.

மூன்று ஆண்டுகள் கழித்து ஐரோப்பாவுக்கும் இதே பாடம் கிடைத்தது. 1996 ஜூன் 4 அன்று ஏரியான்-5 ராக்கெட் தன் முதல் பயணத்தில், எஞ்சினைப் பற்றவைத்த சுமார் 40 வினாடிகளில் வெடித்துச் சிதறியது. ஏரியான்-4 ராக்கெட்டில் நன்றாக ஓடிய வழிகாட்டு நிரலை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். அதில் 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்துக்குள் திணிக்கும் வரி இருந்தது. புது ராக்கெட் வேகமானது, எண் அடங்கவில்லை. ஆபத்தான ஏழு மாறிகளில் நான்குக்குப் பாதுகாப்பு வைத்து, கணினியின் சுமையைக் குறைக்க மூன்றை விட்டிருந்தார்கள். அந்த மூன்றில் ஒன்றுதான் காலை வாரியது. பிழை தெரிந்ததும் கணினி தன்னை நிறுத்திக்கொண்டது. மாற்றாக இருந்த கணினியிலும் அதே நிரல்தான், அதுவும் நின்றுபோனது. இத்தனைக்கும் அந்தக் கணக்கு ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு தேவையே இல்லாத ஒன்று.

பிழை வந்தால் நின்றுவிடுவது ராக்கெட்டுக்குத் தவறாகப் போயிற்று. வங்கிக்கு அதுதான் சரி. சென்னையில் மெயின்பிரேம் எனும் பெருங்கணினிகளில் வேலை பார்ப்பவர்களிடம் ‘ஜீரோ-சி-செவன்’ என்று சொன்னால் போதும், நள்ளிரவு போன் அழைப்புகள் நினைவுக்கு வரும். ஐ.பி.எம். பெருங்கணினிகளில் கோபோல் நிரல் பாதியில் செத்து விழும்போது காட்டும் குறிகளில் ஒன்று அது. பெரும்பாலும் காரணம் சின்னது. தொகை இருக்க வேண்டிய இடத்தை யாரோ வெற்றிடமாக விட்டிருப்பார்கள். அந்தக் கணினியில் சுருக்கி வைத்த எண்ணின் கடைசி அரை பைட்டில் கூட்டலா கழித்தலா என்ற குறி இருக்க வேண்டும். வெற்றிடத்தில் அந்தக் குறி கிடையாது. இது எண்ணே இல்லை என்று கணினி வேலையை நிறுத்திவிடும். தூக்கம் கெட்டவருக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அந்த நிறுத்தம் இல்லையென்றால் தப்பான தொகை விடிவதற்குள் ஆயிரக்கணக்கான கணக்குகளில் ஏறியிருக்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது, பிழையைப் பார்த்தும் பார்க்காததுபோல் தாண்டிப் போவது. ஒருகாலத்தில் பலர் கணினி கற்ற ஜி.டபிள்யூ. பேசிக்கில் ‘ஆன் எர்ரர் கோ டூ’ என்று எழுதினால், கோளாறு வந்ததும் நிரல் குறிப்பிட்ட வரிக்குத் தாவும். பிழை எண் 27 என்றால் பிரிண்டரில் தாள் தீர்ந்தது. தாள் வைக்கச் சொல்லிவிட்டு, ‘ரெஸ்யூம்’ என்று நின்ற வரியையே திரும்ப ஓட்டலாம். இது நல்ல வழக்கம். எண் 61 என்றால் வட்டில் இடமில்லை. அப்போதும் யோசிக்காமல் ‘ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ போட்டு அடுத்த வரிக்குப் போனால், ரசீது அச்சாகி வெளியே வரும், கணக்கில் மட்டும் பதிவாகாது.

பி.எஸ்.எல்.வி. குழு தன் பிழையைத் தேடி எடுத்துத் திருத்தியது. 1994 அக்டோபர் 15 அன்று இரண்டாவது பி.எஸ்.எல்.வி. ஐ.ஆர்.எஸ்.-பி2 செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. 2008-ல் சந்திரயானையும் 2013-ல் மங்கள்யானையும் ஏற்றிப்போனது அதே ராக்கெட் குடும்பம்தான்.

மக்காச்சோள ரசீதுக்கு அவ்வளவு பெரிய குழு வேண்டியதில்லை. பெருக்கும் வரியின் கீழே ‘ஆன் சைஸ் எர்ரர்’ என்று எழுதி, தொகை அடங்கவில்லை என்ற செய்தியைத் திரைக்கு அனுப்பினால் போதும். கோபோல் அப்போது தொகையின் தலையை வெட்டாது, பழைய மதிப்பை அப்படியே வைத்திருக்கும். ரசீது போடுபவர் செய்தியைப் பார்த்ததும் அச்சை நிறுத்தி, 12,345 என்று கையால் எழுதிக் கொடுத்துவிட்டு, நான்கை ஐந்தாக்கித் தரச் சொல்லி நிரலருக்குப் போன் போடுவார்.