கடைமடைக்கு அப்பால்

கல்லணையில் காவிரியை விட்டுப் பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலத்து மூவாற்றுத் தலைப்பில் மறுபடியும் கிளைத்து, கோரையாறு என்றும் பாமணியாறு என்றும் பெயர் பெற்று, மன்னார்குடிச் சீமையின் நஞ்சைகளுக்கெல்லாம் பாய்ந்து, மிஞ்சிய நீரோடு கடைமடையையும் கடந்து, நெல் தாங்காத உவர் மண்ணில் இறங்கும் இடத்தில், தஞ்சைத் தரணியை வயல்வெளியாக மட்டுமே அறிந்தவர்கள் சற்றும் எதிர்பாராத ஒரு வனம் நிற்கிறது. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு என்று வழங்கும் அவ்வனம், பாக் நீரிணையை ஒட்டிக் காயலும் சேற்று வெளியும் ஓடைகளும் உட்பட ஏறத்தாழ 12,000 ஹெக்டேர் பரந்தது. கோடியக்கரையோடும் வேதாரண்யம் சதுப்பு நிலத்தோடும் சேர்ந்து 2002-இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது. டெல்டாவின் வடகோடியில், கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடையே, அதே இனத்தைச் சேர்ந்த, பரப்பில் மிகச் சிறிய பிச்சாவரம் இருக்கிறது. மரத்தை வெட்டவும் வேண்டும், காடு குறையாமலும் இருக்க வேண்டும் என்று ஏழை நாடுகள் யாவும் எதிர்கொண்டு நிற்கும் கேள்விக்கு இவ்விரு காடுகளும் நூறு ஆண்டுக் காலத்தில் தந்த விடை, வனசாஸ்திர நூல்கள் எதிர்பார்த்த விடையன்று.

அலையாத்தி மரத்தின் சுபாவத்தை முதலில் அறிந்துகொள்வது அவசியம். வெயில் ஏறிய வேளையில் அலையாத்தியின் இலையொன்றைப் பறித்துச் சாய்த்துப் பார்த்தால், பச்சைப் பரப்பின்மேல் பொடிப்பொடியாக மின்னுவது உப்பு. நாவில் வைத்தால் கரிக்கும். கடல் நீரிலுள்ள உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிட்டு, தப்பி உள்ளே புகுந்ததை இலையின் நுண்ணிய சுரப்பிகள் வழியே வெளியேற்றிவிடுகிறது அம்மரம். அதன் அடியில், சேற்றுக்குள் கிடையாக ஓடும் வேர்களிலிருந்து விரல் பருமனும் சாண் உயரமுமாக ஆயிரக்கணக்கில் மேல்நோக்கி எழும்பி நிற்பவை சுவாச வேர்கள். காற்றோட்டமில்லாத அச்சேற்றில் அடிவேர்களுக்கு வேண்டிய பிராணவாயுவை, ஓதம் வற்றியிருக்கும் நேரத்தில் இவையே மேலிருந்து ஏற்று அனுப்புகின்றன. ஆகவே நீர் ஏறுவது எவ்வளவு அவசியமோ, ஏறிய நீர் இறங்குவதும் அவ்வளவு அவசியம். வடகிழக்குப் பருவ மழையில் ஆற்று நீர் பெருகி உவர்ப்பு தணிந்திருக்கும் நாட்களில், தாய் மரத்திலேயே முளை கண்டுவிட்ட விதைகள் உதிர்ந்து, மிதந்து சென்று, ஒதுங்கிய இடத்தில் வேர் பிடிக்கும். உப்பைத் தாங்கும் மரமென்று பேர் பெற்றாலும், இளங்கன்றாக இருக்கும் காலத்தில் அதற்கும் நன்னீர்தான் வேண்டியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முத்துப்பேட்டைக் காட்டின் ஒரு பகுதி தஞ்சை மராட்டிய மன்னர்கள் ஏற்படுத்திய சத்திரங்களைப் பரிபாலித்து வந்த இலாகாவின் பொறுப்பில் இருந்தது. 1912-க்குப் பிறகு வருவாய் இலாகாவுக்குப் போய், 1937-ஐ ஒட்டிச் சென்னை மாகாண வன இலாகாவின் கைக்கு வந்தது. வெட்டு எல்லாக் காலத்திலும் நடந்தது. வன இலாகாவின் காலத்தில் அது முறைப்படி நடந்தது. ஜெர்மனியின் சாக்சனியில், வெள்ளிச் சுரங்கங்களின் உலைகளுக்கு விறகு அற்றுப்போகும் நிலை கண்டு கவலைகொண்ட கார்லோவிட்ஸ் என்ற சுரங்க அதிகாரி, ஆண்டுதோறும் வளரும் அளவுக்கு மேல் வெட்டலாகாது என்று 1713-இல் எழுதிவைத்த தத்துவம், 1864-இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவராக நியமனம் பெற்ற பிராண்டிஸ் போன்ற ஜெர்மானிய வன நிபுணர்களின் வாயிலாக இந்நாட்டுக்கு வந்தது. காட்டைக் கூப்புகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு கூப்பை ஒட்ட வெட்டி, கடைசிக் கூப்பு முடிவதற்குள் முதற்கூப்பு மீண்டும் வளர்ந்துவிடும் என்று கணக்கிட்டு நடத்துவதே அம்முறை. அதை வகுத்தவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். காடு என்றென்றும் விறகு தரவேண்டும் என்ற நல்லெண்ணமே அவர்களை இயக்கியது என்று நான் நம்புகிறேன்.

இதே முறை வேறோரிடத்தில் நன்றாகவே பலித்திருக்கிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் மாத்தாங் என்னுமிடத்து 40,000 ஹெக்டேர் கண்டல் காடு, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, இப்போது 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டப்பட்டு வருகிறது, அந்த மரத்தைக் கரியாக்கும் சூளைகள் இன்றும் புகைகின்றன, காடும் இருக்கிறது. அங்கே மழை ஆண்டு முழுவதும் பரவிப் பெய்கிறது, கடலோதமோ பல அடி உயரம் ஏறி இறங்கி, வெட்டிய நிலத்தையும் நாள்தோறும் கழுவிவிடுகிறது. காவிரி முகத்தில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையோடு தீர்ந்து, பிறகு மாதக்கணக்கில் வெயிலே ஆட்சி செய்கிறது. பாக் நீரிணையின் ஓதம் ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. வெட்டுவதற்கான கணக்கைக் கொண்டுவந்தவர்கள், அக்கணக்கைத் தாங்கி நின்ற மழையையும் ஓதத்தையும் கூடவே கொண்டுவர முடியவில்லை.

மரம் போனதும் நிழல் போயிற்று. வெயில் நேரே சேற்றில் விழுந்தது. சேற்றிலிருந்த ஈரம் ஆவியாகி, பஞ்சுபோன்றிருந்த மண் அமுங்கி, வெட்டிய கூப்பு முழுவதும் ஓடைக்கரையைவிடத் தாழ்ந்த பள்ளமாயிற்று. பெரிய ஓதத்தில் கரையேறி வந்த கடல் நீர் அப்பள்ளத்தில் புகுந்தது; புகுந்த நீருக்கு வெளியேற வழியில்லை. தேங்கிய நீர் காய்ந்தது, உப்பு தங்கியது. அடுத்த ஓதத்தில் மேலும் நீர், மேலும் உப்பு. சில ஆண்டுகளில் அவ்விடத்தின் உவர்ப்பு கடலின் உவர்ப்பையும் மிஞ்சியது. ஓடையை ஒட்டி, வெட்டாமல் விட்ட விளிம்பில் மரங்கள் செழித்து நிற்க, அதற்கு உட்புறம் உமரிச் செடியன்றி வேறெதுவும் முளைக்காத வெட்டவெளி விரிந்தது. படகில் செல்பவர் கண்ணுக்கு விளிம்பு மட்டுமே தெரியும். உள்ளே நேர்ந்த நாசம் தெரியாது. வெட்டு நின்ற பிறகும் காடு திரும்பவில்லை. ஆடு மாடுகளை மேயவிட்டவர்கள் மீதும், விறகுக்குக் கிளை ஒடித்த மீனவக் குடும்பங்கள் மீதும் பழி விழுந்தது. ஒரு தலைமுறைக்கு மேல் அவ்வேழைகள் சுமந்த அப்பழியை நினைக்கும்போது மனம் வருந்துகிறது.

உண்மைக் காரணத்தைத் துலக்கியது, கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் 1988-இல் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம். 1990-களில் அந்நிறுவனத்து விஞ்ஞானிகளும் வன இலாகாவினரும் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் நில மட்டத்தையும் உவர்ப்பையும் அளந்து, தேங்கிய நீரே நோய் என்று கண்டார்கள். நோயை இனம் கண்டபின் மருந்தைத் தேட வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. களர் பிடித்த வயலுக்கு நல்ல நீரைப் பாய்ச்சி, வடிகால் வெட்டி, உப்பைக் கரைத்து வெளியேற்றுவது தஞ்சை விவசாயி பரம்பரை பரம்பரையாகச் செய்துவரும் காரியம். முத்துப்பேட்டை மீனவர்களும் தம் வழியில் அதை அறிந்தே இருந்தார்கள். காயலிலிருந்து காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி, ஏறும் நீரோடு உள்ளே வரும் மடவையையும் கொடுவாவையும் இறாலையும், நீர் வற்றும்போது வாய்க்கால் வாயில் வலை கட்டிப் பிடிப்பது அங்கே பழைய ஜீவனோபாயம்.

ஓடையிலிருந்து பள்ளத்தின் நடுவே ஒரு தலைவாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளைவாய்க்கால்கள் என்று, மேலிருந்து பார்த்தால் மீன் முள்ளின் வடிவம் தோன்றும்படி வெட்டினார்கள். ஒவ்வோர் ஓதத்திலும் நீர் உள்ளே சென்று, உப்பைக் கரைத்துக்கொண்டு திரும்பியது. மழைக்காலத்து ஆற்று நீர் அவ்வேலையை விரைவுபடுத்தியது. நடவு செய்ததிலும் ஒரு நுட்பம் உண்டு. வாய்க்காலின் அடியில் ஊன்றினால் கன்று மூழ்கிவிடும், மேட்டில் ஊன்றினால் காய்ந்துவிடும். ஆதலால் கரையின் சரிவில், ஓதம் தொட்டுச் செல்லும் நடு உயரத்தில் ஊன்றினார்கள். வெட்டிய கைகளும் நட்ட கைகளும் பக்கத்துக் கிராமத்து ஆண் பெண்களுடையவை. 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையும் 1990-இல் மத்திய சர்க்கார் வெளியிட்ட கூட்டு வன மேலாண்மை உத்தரவும் திறந்துவிட்ட வழியில், கிராமந்தோறும் மன்றம் அமைத்து, எந்த இடத்தில் மாடு மேயலாம், எங்கே கூடாது, விறகுக்கு ஊர்ப் புறம்போக்கில் என்ன மரம் வளர்ப்பது என்பதையெல்லாம் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். செயற்கைக்கோள் படங்களின்படி 1986-க்கும் 2002-க்கும் இடையில் பிச்சாவரத்தின் மரப்பரப்பு ஏறக்குறைய 90 சதவீதம் பெருகியது. இந்த எண்ணை எப்போது படித்தாலும் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி உண்டாகிறது. ஏனெனில் இறக்குமதி செய்த இயந்திரமோ ரசாயனமோ இன்றி, மண்வெட்டியாலும் மட்டம் பார்க்கும் கண்ணாலும் கிடைத்த பலன் அது.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது, கடலூர்க் கரையில் மரங்களுக்குப் பின்னே இருந்த ஊர்கள் குறைவாகச் சேதமுற்றன என்று மறு ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கடலிலிருந்து இருந்த தூரமும் மேட்டுப்பாங்குமே காரணமென்று வேறு சிலர் மறுத்தனர். அவ்வாதம் எப்படி முடிந்தாலும், இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தில் அலையாத்திக் காட்டின் வேர்களிடையேதான் ஒளிந்து வளர்கின்றன என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

இனிச் சொல்ல வேண்டியது, டெல்டாவிலுள்ள நண்பர்களுக்குக் கசப்பாக இருக்கக்கூடும். 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின், அதற்கு மேலும் பல அணைகள் எழுந்தபின், கடைமடை தாண்டி இக்காட்டுக்கு வந்து சேரும் நன்னீர் குறைந்துகொண்டே போகிறது. கடும் உவர்ப்பைத் தாங்கும் அலையாத்தி ஒன்றே முத்துப்பேட்டையில் ஏகபோகமாக நிற்பதற்கும், மற்ற இனங்கள் அருகியதற்கும் இது ஒரு முக்கிய காரணம். வெள்ளக் காலத்தில், கடலில் கலக்கும் நீரெல்லாம் வீண் என்று நாம் ஒவ்வொருவரும் சொல்லிப் பழகிவிட்டோம்; கடைமடையில் பயிர் காய நின்றவர் அப்படிச் சொன்னால் அவரைக் குறைகூற எனக்கு நா எழாது. எனினும் காவிரி நடுவர் மன்றம் 2007-இல் அளித்த இறுதித் தீர்ப்பில், 740 டி.எம்.சி. நீரைப் பங்கிட்டபோது, சுற்றுச்சூழலுக்கென 10 டி.எம்.சி.யும், தவிர்க்க இயலாமல் கடலுக்குப் போவதாக 4 டி.எம்.சி.யும் ஒதுக்கியிருக்கிறது. அந்தச் சிறு பங்கு தக்க பருவத்தில், விதை உதிரும் மாதங்களில், இந்தக் காட்டு வாய்களை எட்ட வேண்டும் என்று கேட்பது, உழவர் வயிற்றில் அடிப்பதாகாது என்பது என் அபிப்பிராயம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்துக்கு அருகே கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததோடு முத்துப்பேட்டைக் காட்டையும் முறித்துப் போட்டது. முறிந்த இடங்களில் புதிய கன்றுகள் எழுவதும் எழாததும் நீர் அங்கே ஏறி இறங்குவதைப் பொறுத்தது. ஆனால் மீன்முள் வாய்க்கால்களும் வயல் வாய்க்கால்களைப் போலவே வண்டல் படிந்து மேடிடுகின்றன. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும் என்ற எதிர்பார்ப்பில் ஆண்டுதோறும் கோடையில் டெல்டா ஆறுகளையும் வாய்க்கால்களையும் தூர் வாருவதற்குச் சர்க்கார் பணம் ஒதுக்குகிறது. அந்த மதிப்பீட்டுப் பட்டியலில் கடைமடைக்கு அப்பாலுள்ள காட்டு வாய்க்கால்களும் ஒவ்வோர் ஆண்டும் இடம்பெற வேண்டும்; அவ்வேலை அவற்றை முதலில் வெட்டிய கிராமத்தாருக்கே கொடுக்கப்பட வேண்டும்.