மாவட்டக் கோட்டா இருக்கிறது, ஊர்ப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லை

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியானால் போதும், எமது ஊர்களில் ஆசிரியர்களிடம் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சேர், மகளுக்கு கணக்கும் விஞ்ஞானமும் ஏ. எங்கட ஸ்கூல்லயே ஏ.எல். படிக்க வைக்கலாமா?" கலைப் பிரிவு என்றால் படிக்க வைக்கலாம். விஞ்ஞானம் என்றால் அந்தப் பாடசாலையில் இடமே இல்லை. மகளின் புள்ளியில் குறை கிடையாது, பாடசாலையின் வகைதான் காரணம் என்று நான் விளங்கப்படுத்தும்போது பலர் அதை முதன்முறையாகக் கேட்கிறார்கள்.

எமது அரச பாடசாலைகள் ஏறத்தாழ 10,000. அவை நான்கு வகை. 1ஏபி என்றால் உயர்தர விஞ்ஞானப் பிரிவும் உண்டு. 1சி என்றால் கலை, வர்த்தகம் மட்டும். வகை 2 தரம் 11 வரை, வகை 3 ஆரம்பப் பிரிவு அல்லது தரம் 8 வரை. ஊரின் பெயரோடு "மகா வித்தியாலயம்" என்று பெயர்ப்பலகை இருந்தாலும் உள்ளே பௌதிகவியல் ஆசிரியர் இருக்கிறார் என்று பொருளில்லை.

இப்போது பல்கலைக்கழக அனுமதிக்கு வருவோம். இதில் தவறான எண்ணங்கள் நிறைய உண்டு. இசட் புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறாகக் கணிக்கப்படுகிறது என்று படித்தவர்களே சொல்கிறார்கள். அப்படியில்லை. ஒரு பாடத்தில் நாடு முழுவதும் எழுதியவர்களின் இடையை மாணவரின் புள்ளியிலிருந்து கழித்து, நியம விலகலால் வகுப்பார்கள். உதாரணத்துக்கு உயிரியலில் இடை 45, நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்வோம். 75 எடுத்தவருக்கு 2. அதேபோல் இரசாயனவியலில் 1.5, பௌதிகவியலில் 1 வந்தால், மூன்றின் சராசரியான 1.5தான் அவருடைய இசட் புள்ளி. கொழும்பு மாணவருக்கும் கிண்ணியா மாணவருக்கும் இதே கணக்குத்தான்.

மாவட்டம் அதற்குப் பிறகுதான் வருகிறது. கலைத்துறை நீங்கலாகப் பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகின்றன. 55 வீதம் சனத்தொகை விகிதப்படி 25 மாவட்டங்களுக்கும் பிரிக்கப்படுகிறது. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவையாகக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கிறது. அம்பாறை, திருகோணமலை, மட்டக்களப்பு, புத்தளம், அநுராதபுரம், மன்னார் எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவை. ஆகவே இந்தக் கோட்டா எமது பிள்ளைகளுக்கு முக்கியமானது. 1970களில் தரப்படுத்தல் இன்னொரு சமூகத்துக்கு ஏற்படுத்திய காயத்தை நான் மறக்கவில்லை. ஆனாலும் இன்றைய நிலையில் கோட்டாவை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லமாட்டேன்.

என்னுடைய கேள்வி வேறு. மாவட்டம் என்பது ஒரே நிலம் அல்ல. அம்பாறை மாவட்டத்துக்கு மருத்துவத்தில் குறிப்பிட்ட இடங்கள் ஒதுக்கப்பட்டால், அவற்றுக்குப் போட்டியிடுவது மாவட்டத்தின் எல்லாப் பிள்ளைகளுமா? விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைகளின் பிள்ளைகள் மட்டும்தான். கரையோரப் பட்டினத்தின் பெரிய பாடசாலையில் ஆய்வுகூடமும் டியூஷனும் கையருகே உள்ள மாணவனும், உள்ளூரில் 1சி பாடசாலையில் தரம் 11 முடித்த மாணவியும் சட்டப்படி ஒரே கோட்டாவுக்கு உரியவர்கள். ஆனால் அந்த மாணவி வரிசைக்கே வருவதில்லை. பின்தங்கிய மாவட்டம் என்ற பெயரில் கிடைக்கும் இடம், அந்த மாவட்டத்தில் பின்தங்காத பகுதிக்கே பெரும்பாலும் போகிறது.

இதில் பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் இறுக்கமானது. மகனென்றால் அடுத்த ஊருக்கு சைக்கிளில் அனுப்புவோம், தூரமென்றால் விடுதியில் சேர்ப்போம். மகளென்றால் "பக்கத்திலேயே படிக்கட்டும்" என்று முடிவெடுக்கிறோம். பக்கத்தில் இருப்பது கலைப் பிரிவு. கணிதத்தில் ஏ எடுத்தவள் விருப்பமில்லாமலே கலைப் பிரிவுக்குப் போகிறாள். கலைத்துறையை நான் தாழ்வாகச் சொல்லவில்லை. விரும்பிப் படித்தால் அது அருமையான துறை. பேருந்து இல்லாததால் படிப்பது வேறு விடயம்.

2026 முதல் தரம் 1, தரம் 6 ஆகியவற்றில் தொடங்குவதாக அறிவிக்கப்பட்ட சீர்திருத்தம் பற்றி நிறையப் பேசப்பட்டது. மொடியூல் முறை, பரீட்சைச் சுமையைக் குறைத்தல் எல்லாம் நல்ல எண்ணங்களே. ஆனால் பாடவிதானத்தை எவ்வளவு திருத்தினாலும் அதைக் கற்பிக்க ஆளில்லாத வகுப்பறையில் அது அச்சிட்ட தாளாகவே இருக்கும். ஆகவே சீர்திருத்தம் என்று வரும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஒவ்வொரு கல்விக் கோட்டத்திலும் பல பாடசாலைகள் பங்கிட்டுக்கொள்ளும் ஓர் உயர்தர விஞ்ஞான நிலையம் வேண்டும். பிள்ளை தன் பாடசாலையிலேயே பதிவில் இருக்கட்டும். கணித, விஞ்ஞான வகுப்புகளை மட்டும் அந்த நிலையத்தில் படிக்கட்டும். போக்குவரத்துக்கு "சிசு செரிய" பேருந்தை அந்த நேரத்துக்கு ஓட்டலாம்.

இது புதிய யோசனையும் அல்ல. 1940களில் கன்னங்கரா மத்திய மகா வித்தியாலயங்களை உருவாக்கிய நோக்கமே கிராமப் பிள்ளைக்கு நகரத் தரத்திலான இடைநிலைக் கல்வியை அருகில் கொண்டுவருவதுதான். இலவசக் கல்வியைப் புகழ்ந்து மேடைகளில் பேசுகிறோம், இந்தப் பாதியை ஏனோ மறந்துவிட்டோம்.

ஆசிரியருக்கு எங்கே போவது என்பார்கள். தேசிய பாடசாலை ஆசிரியர் மத்திய அமைச்சின் கீழ், மாகாணப் பாடசாலை ஆசிரியர் மாகாண சபையின் கீழ். 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பின் இப்படித்தான். ஒரே வீதியில் உள்ள இரு பாடசாலைகளில் ஒன்றில் இரசாயனவியலுக்கு இருவர் இருக்க, மற்றதில் ஒருவருமில்லாத நிலை ஏற்பட்டாலும் அதைச் சரிசெய்ய இரு நிர்வாகங்கள் உடன்பட வேண்டும். தமிழ்மொழி மூல விஞ்ஞான ஆசிரியர்கள் குறைவாக உள்ள இடங்களில் இந்தச் சுவர் இன்னும் உயரமாகத் தெரிகிறது. வலய மட்டத்தில் ஆசிரியரைப் பகிர, வாரத்தில் இரண்டு நாள் ஒரு நிலையம், மூன்று நாள் சொந்தப் பாடசாலை என்று அமைக்க ஒரு சுற்றுநிருபம் போதும் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சிலருக்குக் கசக்கும். ஒவ்வொரு ஊரும் தன் பாடசாலையைத் தரமுயர்த்து என்று அரசியல்வாதியிடம் போகிறது. இரண்டு மைல் தூரத்தில் மூன்று பாடசாலைகள் 1ஏபி ஆகின்றன. மூன்றிலும் விஞ்ஞான வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர், ஆசிரியர்கள் பாதி. பிள்ளைகள் பிரத்தியேக வகுப்பில்தான் படிக்கிறார்கள். "அந்த ஊர்ப் பாடசாலைக்கு எங்கட பிள்ளையா?" என்ற வீம்புக்குக் கட்டடம் கிடைக்கும், ஆசிரியர் கிடைக்கமாட்டார். பழைய மாணவர் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் நுழைவாயில் கட்டச் சேர்க்கும் பணத்தில், நான்கு ஊர் மாணவிகளுக்கு ஒரு வேன் ஓட்டலாம்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெட்டுப்புள்ளிகளை மாவட்டவாரியாக வெளியிடுகிறது. அதோடு, தெரிவானவர்கள் மாவட்டத்தின் எத்தனை பாடசாலைகளிலிருந்து வந்தார்கள் என்ற எண்ணிக்கையையும் சேர்த்து வெளியிடும்படி எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்கலாம். அதற்கு முன்னர் பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை எழுத்தில் வையுங்கள்: எமது வலயத்தில் உயர்தரப் பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் எத்தனை பேர், எந்தெந்தப் பாடசாலைகளில் இருக்கிறார்கள்? பதில் வலயக் கல்விப் பணிமனையில் ஒரே தாளில் இருக்கும்.