டாக்டர் மியாஸ்

ரக்பி முரடர்களின் ஆட்டம் என்று நம்மவர்கள் பலர் எண்ணுகிறார்கள். ஆளை ஆள் பிடித்துத் தள்ளிச் சேற்றில் புரள்வதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால், அந்தத் தள்ளுமுள்ளுக்கு நடுவிலும் சிந்தனைக்கு இடம் உண்டு என்று காட்டியவர் பிரெஞ்சு வீரர் லூசியன் மியாஸ்.

தென் பிரான்சின் மலைப்பகுதியான லொஸேரில் 1930இல் பிறந்தவர். முதலில் பள்ளி ஆசிரியர். மஸாமே என்ற சிற்றூர்க் கோஷ்டியின் ஆட்டக்காரர். 1951இல் தேச அணியில் சேர்ந்தார். 1954இல், இருபத்து மூன்று வயதில் (நம்மில் பலருக்கு இப்போது அதே வயதுதான்), அந்த அணியை விட்டு விலகி வைத்தியம் படிக்கப் போய்விட்டார். ரக்பியில் அன்று சம்பளம் கிடையாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

1958இல் திரும்பி வந்தார். அவருடைய புகழெல்லாம் இந்த இரண்டாம் வருகையில் பெற்றதே. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால், இரு அணியின் முன்னணி வீரர்களும் எதிரெதிரே வரிசையாக நிற்பார்கள். நடுவே எறியப்படும் பந்துக்குத் தாவுவார்கள். தாவிப் பிடித்ததும் எதிரிகள் மேலே விழுந்து அமுக்குவார்கள். மியாஸ் முறையில், தாவியவர் பந்தைத் தட்டிவிட, வரிசையின் கடைசியைச் சுற்றி ஓடிவரும் தோழர் அதை வாங்கிக்கொண்டு பாய்வார். மற்றவர்கள் நெருங்கித் தொடர்வார்கள். எட்டுப் பேர் கொண்ட முன்னணிக்குப் 'பேக்' என்று பெயர். அவருக்கு 'டாக்டர் பேக்' என்றே பட்டம் வந்தது.

அவ்வாண்டே பிரான்ஸ் தென் ஆப்பிரிக்கா சென்றது. 1952இல் 25–3 என்று பிரான்சை நொறுக்கியவர்கள் அவர்கள். (வெள்ளையருக்கு மட்டுமே இடமிருந்த அணி அது, அந்த வெட்கக்கேட்டையும் சொல்லத்தான் வேண்டும்.) காப்டன் செலாயா காயமுற, தலைமை மியாஸிடம் வந்தது. கேப் டவுனில் 3–3. ஜோகன்னஸ்பர்க்கில் 9–5 என்று பிரான்சுக்கு வெற்றி! அந்நாட்டு மண்ணில் டெஸ்ட் தொடரை வென்ற வெளிநாட்டு அணி இருபதாம் நூற்றாண்டில் அதுவரை வேறில்லை. முதல்நாள் இரவு சைனஸ் வேதனைக்கு மருந்தாக அரைப் புட்டி ரம் குடித்தார் என்றொரு கதை உண்டு. வைத்தியர் எழுதிக் கொடுக்கும் மருந்தன்று அது!

1959இல் அவர் தலைமையில் பிரான்ஸ் ஐந்து நாடுகள் போட்டியில் முதன்முறையாகத் தனித்து முதலிடம் பெற்றது. அத்துடன் தேச அணிக்கு ஆடுவதை நிறுத்திக்கொண்டார். மொத்தம் 29 சர்வதேச ஆட்டங்கள். பிறகு மஸாமேயிலேயே முதியோருக்கு வைத்தியம் பார்த்து வந்தார். 2024 மே மாதம், 93 வயதில் காலமானார்.